நீண்ட இருக்கை

சென்ற இலையுதிர் காலத்தில் ஒன்ராறியோவின் ஹாலிபர்ட்டன் காட்டுப்பகுதியில் எங்கள் இருவரில் ஒருவரின் காறையெலும்பு முறிந்தது. வாடகைக்கு எடுத்த நாற்சக்கர வண்டி, இங்கே ஏ.டி.வி. என்பார்கள். அதன் இருக்கை நீளமானது. நீளமான இருக்கையைக் கண்டதும் இருவர் உட்காரலாம் என்று எண்ணுவது யாழ்ப்பாணத்துப் புத்தி. பெற்றோலுக்குத் தடையிருந்த தொண்ணூறுகளில் ஒரே சைக்கிளில், ஒருவர் பாரில் அமர, நாங்கள் போகாத ஒழுங்கை இல்லை.

ஏ.டி.வி.யின் இருக்கை நீண்டிருப்பது இன்னொருவருக்காக அன்று. ஏற்றத்தில் முன்னும் இறக்கத்தில் பின்னுமாக ஓட்டுபவர் தம் உடலை நகர்த்திக்கொள்ளவே அந்த நீளம். இதை நாங்கள் அறிந்துகொண்டது கருங்கல் ஏற்றம் ஒன்றில். பின்னிருந்தவரின் பாரத்தில் முன்சக்கரங்கள் மேலெழுந்தன. முந்நூறு கிலோ இரும்பு எங்களுக்குப் பக்கத்தால் உருண்டு போயிற்று. எங்கள் மேல் உருளாதது எங்கள் சாமர்த்தியம் அன்று.

எலும்பு கூடியதும் சொந்தமாகவே வாங்குவதென்று முடிவெடுத்தோம். பிள்ளைகள் சிரித்தார்கள். அந்த ஏற்றத்துக்கு அப்பால் ஓர் ஏரி இருக்கிறது. அதை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை என்பதை அவர்களுக்கு எப்படி விளக்குவது?

எதை வாங்குவது என்பதில்தான் சச்சரவு. எங்களில் ஒருவருக்குக் கான்-ஆம் மீது மனம் சென்றது. காரணம் இயந்திரம் அன்று, ஒரு கதை. 1934 இல், பனி மூடிய கியூபெக்கில், ஜோசப்-ஆர்மண்ட் பொம்பார்டியேயின் இரண்டு வயது மகன் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வழியின்றி இறந்துபோனான். பனியில் ஓடும் வண்டியைச் செய்வதில் தகப்பன் அதன் பின் ஓயவில்லை. கான்-ஆம் அந்த மரபில் வந்தது. மற்றவர் இதைக் கேட்டுவிட்டு, இன்று அந்த ஏ.டி.வி.கள் மெக்சிக்கோவின் ஹுவாரெஸில் அல்லவா செய்யப்படுகின்றன என்றார். உண்மைதான். ஆயினும் அவுட்லாண்டர் மாக்ஸ் இருவருக்கென்றே செய்யப்பட்டது. தனியாள் வண்டியைவிட அச்சுகளுக்கிடையே ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் கூடுதல். பின்னிருப்பவரின் பாரம் பின்னச்சுக்கு அப்பால் விழாதிருக்க அந்த நீளம் உதவுகிறது.

மற்றவர் ஹொண்டாவின் பக்கம். அதன் பழங்கதை அவ்வளவு மேன்மையானதன்று: 1970 இல் அமெரிக்காவுக்கு மூன்று சக்கர வண்டியைக் கொண்டுவந்தவர்கள் அவர்களே; விபத்துகள் பெருகி, 1988 இல் அங்கே மூன்று சக்கர வண்டிகளின் விற்பனையே நின்றுபோயிற்று. ஆனால் பொலாரிஸ், யமஹா, கான்-ஆம் மூன்றும் பெல்ட்டால் ஓடுபவை. ஹொண்டாவின் ரூபிகனில் பற்சக்கரங்கள். பீவர்கள் அணைகட்டிப் பாதையை நீருக்குள் ஆழ்த்திவிடும் நாட்டில், பெல்ட்டின் உறைக்குள் தண்ணீர் புகுந்தால் பெல்ட் வழுக்கும். நடுக்காட்டில் அப்படி நின்றுபோனால் துணைக்கு நுளம்புகள்தாம். (யமஹாவின் கிரிஸ்லி இறக்கத்தில் நான்கு சக்கரங்களையும் இயந்திரத்தாலேயே தடுத்து இறக்கும் என்பதையும் கணக்கில் எடுத்தோம். பொலாரிஸின் மெத்தென்ற இருக்கையை ஒருநாள் முழுவதும் புகழ்ந்தோம்.)

ரூபிகனில் இருவர் செல்ல முடியாது. வாதம் அங்கேதான் முட்டி நின்றது. ஹொண்டா என்றால் இரண்டு வண்டிகள், ஆளுக்கொன்று. முப்பது வருடத்தில் நாங்கள் ஆளுக்கொன்றாக எதையும் ஓட்டியதில்லை.

“நீங்கள் ஓட்ட, நான் பின்னாலே கண்ணை மூடிக்கொண்டு இருந்தது போதுமப்பா” என்றார் எலும்பு முறிந்தவர்.

ஆகவே பழைய ரூபிகன்கள் இரண்டு வாங்கினோம். சித்திரை முடிய, பனி கரைந்த சேற்றில், முன்னே சென்றது முறிந்த தோளுக்குரியவர். கருங்கல் ஏற்றத்தின் அடியில் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். பின்னர் எழுந்து, உடலை முன்னே சாய்த்து, ஏறிப் போனார். மற்றவர் கீழேயே நின்று, உச்சியில் இயந்திரச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தார்.