மார்கழியும் ஒரு 'உர்ர்ர்'ரும்

மார்கழி மாதம் அதிகாலை நாலு மணிக்குக் கடலூர் மஞ்சக்குப்பம் பக்கம் போய் நின்றால் இரண்டு சத்தம் கேட்கும். ஒன்று, கோயில் ஸ்பீக்கரில் திருப்பாவை. இன்னொன்று, யாரோ ஒரு புண்ணியவான் காரை நிறுத்தி வைத்தபடியே 'உர்ர்ர்... உர்ர்ர்...' என்று முறுக்கும் சத்தம். முன்னது முப்பது பாட்டில் முடிந்துவிடும். பின்னது லேசில் முடியாது!

"எங்க சார் காலங்காத்தால?"

"சிதம்பரத்துக்கு. ஆருத்ரா அபிஷேகம் பாக்கணும். இஞ்சின் சூடாவட்டும்னு நிக்கிறேன். பத்து நிமிஷமாவது ஓடணும், இல்லேன்னா பிஸ்டன் போயிடும்னு எங்கப்பா சொல்லுவாரு."

அப்பா சொன்னது சரிதான். அவர் ஓட்டியது அம்பாஸடர். அதில் பெட்ரோலையும் காற்றையும் கலக்குகிற வேலை கார்புரேட்டருடையது. குளிரில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. சிலிண்டர் சுவரில் ஈரமாகப் படிந்துவிடும். அதனால் 'சோக்'கை இழுத்துக் காற்றைக் குறைத்து, பெட்ரோலை அள்ளி ஊற்ற வேண்டியிருந்தது. டீசல் வண்டியென்றால் ஹீட்டர் பிளக் சூடாகும்வரை ஒரு சாமி பெயரைச் சொல்லிக் காத்திருந்து சாவியைத் திருப்ப வேண்டும். கிளம்பிய பிறகும் அவசரப்பட்டால் கடிலம் பாலத்தின் நட்டநடுவில் 'டுப்'பென்று நின்று மானத்தை வாங்கும்.

போதாக்குறைக்கு நம் மெக்கானிக்குகள் ஒரு காரியம் செய்தார்கள். "நம்மூரு வெயிலுக்கு இது எதுக்கு சார்?" என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக் கையில் கொடுத்துவிடுவார்கள். இஞ்சின் ஓரளவு சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் தடுக்கிற குட்டி வால்வு அது. சுமார் 80 டிகிரி தாண்டினால்தான் திறக்கும். அதைப் பிடுங்கிவிட்டால் முதல் நிமிஷத்திலிருந்தே தண்ணீர் குளிர்ந்துகொண்டிருக்கும். சித்திரையில் சௌகரியம்தான். மார்கழி விடியலில் பாதி வழி போயும் சூட்டு முள் எழுந்திருக்காது. பெட்ரோல் குடிக்கும், இழுக்காது, இஞ்சினும் தேயும். இன்றைக்கும் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ஒருமுறை பானெட்டைத் திறந்து அது இருக்கிறதா என்று கேட்டுவிடுவது நல்லது.

2000-ம் ஆண்டை ஒட்டி நம்மூர் பெட்ரோல் கார்களில் கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்தது. சோக் பிடுங்கும் உத்தியோகம் ஒழிந்தது. இஞ்சின் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று ஒரு சென்சார் சொல்கிறது. எவ்வளவு பெட்ரோல் என்று கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் வண்டி தானாகவே கொஞ்சம் வேகமாக உறுமிப் பிறகு தணிகிறதே, அது இந்த ஏற்பாடுதான். நாம் வேறு மேலே ஏறி மிதிக்க வேண்டியதில்லை.

எண்ணெயும் மாறிவிட்டது. அந்தக் காலத்து டப்பாவில் 20டபிள்யூ-40 என்றிருக்கும். இப்போது 5டபிள்யூ-30, 0டபிள்யூ-20 எல்லாம் வருகிறது. 'டபிள்யூ' என்றால் வெயிட் என்று நம் ஆபீஸ் கேன்டீனில் பந்தயமே நடந்தது. அது 'வின்டர்'. அந்த எண் குறையக் குறைய, குளிரிலும் எண்ணெய் சீக்கிரம் ஓடி மேலே போய்ச் சேரும். அரை நிமிஷம் போதும், கிளம்பிவிடலாம்.

ஆனால் கிளம்புகிற விதத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. நின்ற இடத்தில் உறுமும் இஞ்சின் மெதுவாகத்தான் சூடாகும். டீசல் இன்னும் மெதுவு. பாரத்தை இழுத்தால் சீக்கிரம் சூடு ஏறும். எனவே மஞ்சக்குப்பத்தில் எடுத்து, திருப்பாதிரிப்புலியூர் வழியாக, முதுநகர் ரயில்வே ஸ்டேஷன் தாண்டும்வரை அடக்க ஒடுக்கமாக நாற்பதில் போங்கள். கியரைக் கடைசிவரை இழுக்க வேண்டாம். முள் நடுவுக்கு வந்தாலும் நம்பிவிடாதீர்கள், தண்ணீர் சூடானதைத்தான் அது சொல்கிறது. எண்ணெய் சூடாக இன்னும் சில கிலோமீட்டர் பிடிக்கும். சிப்காட் தாண்டி, ஆலப்பாக்கம் வருவதற்குள் எல்லாம் பதத்துக்கு வந்துவிடும். அதற்குமேல் பனியும் சவுக்குத் தோப்புமாகப் புதுச்சத்திரம், பி.முட்லூர், வெள்ளாறு... 45 கி.மீ. சொச்சம்தான் மொத்த தூரம்.

சைலன்ஸரிலிருந்து வெள்ளையாக ஆவி வந்து தண்ணீர் சொட்டினால் பதறாதீர்கள். பெட்ரோல் எரிந்தால் நீராவி வரும். குளிர்ந்த குழாயில் தண்ணீராகிச் சொட்டும். தினமும் தெருமுனைக்கும் வீட்டுக்குமே வண்டி ஓட்டுபவர்களுக்கு அந்தத் தண்ணீர் உள்ளேயே தங்கிக் குழாய் துருப்பிடிக்கும். கடலூர் உப்புக்காற்று வெளியிலிருந்து தன் பங்கைச் செய்யும்.

இவ்வளவும் காசு சமாச்சாரம். உயிர் சமாச்சாரம் ஒன்று உண்டு. குளிருதே என்று கார் ஷெட்டின் ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே இஞ்சினை ஓடவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. தலைவலி, மயக்கம், அப்புறம் ஒன்றும் தெரியாது. தெருவிலேயே நிறுத்தினாலும், சுவரோடு சுவர் ஒட்டிய நம் வீடுகளில் பக்கத்து வீட்டு ஜன்னல் நேரே உங்கள் சைலன்ஸருக்குத்தான் திறந்திருக்கும். உள்ளே ஒரு கைக்குழந்தை தூங்கும்.

நிஜக் குளிர் எப்படியிருக்கும் என்று பார்க்க லடாக் போக வேண்டும். அங்கே டீசலே கெட்டியாகி மெழுகு படிந்துவிடும். டாங்க்குக்குக் கீழே நெருப்பு மூட்டுகிற டிரைவர்கள் அங்கே உண்டு. 2019-ல்தான் மைனஸ் 33 டிகிரியிலும் உறையாத டீசலை இந்தியன் ஆயில் அங்கே கொண்டுவந்தது. கனடா வின்னிபெக்கில் ராத்திரி காரை பிளக்கில் சொருகிவிட்டுத்தான் தூங்கப் போவார்கள், நாம் செல்போனைச் சொருகுவதுபோல. கடலூரில் மார்கழியிலும் இருபது டிகிரிக்குக் கீழே போனாலே நாம் மப்ளரைத் தேடுகிறோம்!

சரி, சிதம்பரம் வந்தாச்சு. முதல் நாள் நடராஜர் தேரேறி நாலு வீதியும் சுற்றி ஆயிரங்கால் மண்டபத்துக்கு வந்திருப்பார். மூலவரே வீதிக்கு வருவது ஆனியிலும் மார்கழியிலும் மட்டும்தான். விடிவதற்கு முன்னே அபிஷேகம், மத்தியானத்துக்கு மேல் தரிசனம். நடுவில் திருவாதிரைக் களி, கத்தரிக்காய் கொத்சு என்று வயிற்றுக்கும் வழி உண்டு. காரை மட்டும் தேரோடும் வீதிகளுக்குள் கொண்டுபோகாதீர்கள். ஊர் ஓரத்திலேயே விட்டுவிட்டு நடங்கள். டர்போ வண்டியை வேகமாக ஓட்டி வந்திருந்தால் அணைப்பதற்குமுன் ஒரு நிமிஷம் சும்மா ஓடட்டும், டர்போ கொஞ்சம் ஆறும். பக்கத்து வண்டிக்காரர் "ஏன் சார் ஆஃப் பண்ணல?" என்று கேட்பார். சொல்லிக்கொண்டிருந்தால் அபிஷேகம் முடிந்துவிடும், ஓடுங்கள்!