எட்டாயிரம் டாலர்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் சண்டை மத்தியானம் இரண்டரை மணிக்குத் தொடங்கும். விடியற்காலை ஆராதனைக்கு எழுந்த தூக்கம் கண்ணில் இருக்கும், பிரியாணி வயிற்றில் இருக்கும், முந்திரிக்கொத்துத் தட்டு கை மாறிக்கொண்டிருக்கும். "என்ன படம் போடலாம்?" என்று யாராவது வாயைத் திறந்தால் போதும்.

அம்மாவுக்கு ‘ஹோம் அலோன்’. அக்காவுக்கு ‘லவ் ஆக்சுவலி’. கல்லூரியில் படிக்கும் அக்கா மகனுக்கு ‘டை ஹார்ட்’. எனக்கு ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’. அப்பா இதில் சேரமாட்டார். ஒரு கூட்டுறவு வீடு கட்டும் சங்கத்தில் 34 வருஷம் கணக்கு எழுதி, கடைசியில் செயலாளராக ஓய்வு பெற்றவர். படம் என்றால் அவருக்குச் சிவாஜி படம். மற்றதெல்லாம் பிள்ளைகள் விவகாரம் என்று ஈஸி சேரில் பேப்பரை விரித்துக்கொள்வார்.

அக்கா மகனின் கட்சியை நான் லேசாக எடுத்துக்கொண்டதில்லை. நியூயார்க் போலீஸ்காரன் ஒருவன், பிரிந்திருக்கும் மனைவியைப் பார்க்கக் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் லாஸ் ஏஞ்சலஸ் வருகிறான். அவள் வேலை பார்க்கும் நகாடோமி கட்டடத்தில் விருந்து நடக்கும்போது துப்பாக்கியோடு ஆட்கள் புகுந்துவிடுகிறார்கள். "பிரிஞ்ச குடும்பம் ஒண்ணு சேரணும். அதுதான மாமா கிறிஸ்துமஸ் படம்?" என்பான். அந்தப் படம் வந்தது 1988 ஜூலையில் என்று அக்கா மடக்குவாள். அது செல்லாது. மேசிஸ் கடையில் சாண்டா வேஷம் போடும் பெரியவர் தான்தான் நிஜச் சாண்டா என்று சொல்லி, விஷயம் நீதிமன்றம் வரை போகிற ‘மிராக்கிள் ஆன் 34த் ஸ்ட்ரீட்’ வெளியானது 1947-ல், கோடையை ஒட்டி. கோடையில்தான் தியேட்டருக்குக் கூட்டம் வரும் என்பது ஸ்டுடியோவின் கணக்கு. அந்தப் பெரியவராக நடித்த எட்மண்ட் க்வென்னுக்கு ஆஸ்கர் கிடைத்தது. நம் பக்கம் ஸ்ரீராம் ராகவன் தமிழிலும் இந்தியிலும் எடுத்த ‘மெரி கிறிஸ்துமஸ்’ 2024 பொங்கலுக்குத்தான் வந்தது. ஆகவே மாதத்தைப் பார்த்து முடிவு சொல்ல முடியாது. நான் பார்ப்பது வேறு: கிறிஸ்துமஸை எடுத்துவிட்டால் கதை நிற்குமா? ‘டை ஹார்ட்’ நிற்கும். ஆபீஸ் ஆண்டு விழா என்று மாற்றினாலும் ஒரு குறையும் வராது.

அக்காவின் படத்தில் எனக்குப் பிடித்தது ஒரே ஒரு காட்சி. எம்மா தாம்ப்ஸன் கணவனின் கோட்டுப் பையில் ஒரு கழுத்துச் சங்கிலியைப் பார்த்திருக்கிறாள். கிறிஸ்துமஸ் பரிசாக அவள் கையில் வருவது ஒரு சிடி. சங்கிலி வேறு யாருக்கோ என்று அந்த நிமிஷத்தில் தெரிகிறது. படுக்கையறைக்குப் போய் நின்றபடியே அழுகிறாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, கட்டிலின் விரிப்பை நீவிச் சரிசெய்துவிட்டு, பிள்ளைகளிடம் சிரித்த முகத்தோடு வருகிறாள். விரிப்பை நீவுகிற அந்தக் கையைப் பற்றி அக்கா ஒருமுறை அரை மணி நேரம் பேசினாள். அன்று பாதியில் நிறுத்தி எழுந்து போய்விட்டாள். நானும் ஏன் என்று கேட்கவில்லை.

இனி என் படம். பிலிப் வான் டோரன் ஸ்டெர்ன் என்ற எழுத்தாளர் ஒரு சிறுகதை எழுதினார். எந்தப் பத்திரிகையும் வாங்கவில்லை. 1943 கிறிஸ்துமஸுக்கு 200 பிரதி அச்சடித்து வாழ்த்து அட்டையாக நண்பர்களுக்கு அனுப்பினார். அது எப்படியோ ஹாலிவுட் போய்ச் சேர்ந்து, 1946 டிசம்பரில் ஃபிராங்க் காப்ராவின் படமாக வந்தது. ஜேம்ஸ் ஸ்டூவர்ட் ஐரோப்பாவில் குண்டுவீச்சு விமானம் ஓட்டிவிட்டுத் திரும்பி நடித்த முதல் படம். போட்ட பணம் வரவில்லை. ஐந்து பிரிவுகளில் ஆஸ்கருக்குப் பரிந்துரையாகி ஒன்றும் கிடைக்கவில்லை. தொழில்நுட்பத்துக்கென்று தனியாக ஒரு விருது வந்தது, பொய்ப் பனிக்கு. அதுவரை ஹாலிவுட்டில் பனி என்றால் வெள்ளையடித்த கார்ன்ஃப்ளேக்ஸ். மிதித்தால் நொறுநொறுவென்று சத்தம் போட்டு வசனத்தைக் கெடுக்கும். இந்தப் படத்துக்குத் தீயணைக்கும் நுரையும் சோப்பும் தண்ணீரும் கலந்து பீய்ச்சியடித்தார்கள். படம் பிடித்தது கடும் கோடையில். பனி கொட்டும் இரவில் பாலத்தில் நிற்கும் ஸ்டூவர்ட்டின் முகத்தில் வேர்வை தெரியும். பனியையே பார்த்திராத, கிறிஸ்துமஸ் மரத்தில் பஞ்சு ஒட்டி வளர்ந்த எனக்கு அந்த வேர்வை மிக நெருக்கமானது.

1974-ல் காப்புரிமையைப் புதுப்பிக்க உரியவர்கள் தவறிவிட்டார்கள். காசு கொடுக்காமல் போடலாம் என்றதும் அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையங்கள் டிசம்பர் முழுக்கத் திரும்பத் திரும்பப் போட்டன. 28 வருஷம் ஓரமாய்க் கிடந்த படம் அப்படித்தான் வீடு வீடாக நுழைந்து ஒரு வழக்கமாயிற்று.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கிறிஸ்துமஸில் மற்றவர்கள் எல்லாம் அசந்து தூங்கிவிட்டார்கள். அப்பாவும் நானும்தான். அம்மா அடுக்களையில் பாத்திரம் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். நான் இந்தப் படத்தைப் போட்டேன். அப்பா பேப்பரை இறக்கவில்லை. ஸ்டூவர்ட் நடிக்கும் ஜார்ஜ் பெய்லி உலகம் சுற்ற ஆசைப்பட்டதும், அவன் அப்பா இறந்து ஊரிலேயே மாட்டிக்கொண்டதும் ஓடி முடிந்தன. 1932 வந்தது. கல்யாணம் முடிந்து, மழையில், ஜார்ஜும் மேரியும் தேனிலவுக்குக் காரில் கிளம்புகிறார்கள். ஜார்ஜ் குடும்பம் நடத்தும் சேமிப்பு-கடன் சங்கத்தின் வாசலில் கூட்டம். போட்ட பணத்தை இப்போதே எடு என்கிறார்கள். உங்கள் பணம் பெட்டியில் இல்லை, பக்கத்து வீட்டுக்காரன் கட்டின வீட்டில் இருக்கிறது என்று ஜார்ஜ் விளக்குகிறான்.

பேப்பர் இறங்கியது. "சரியாச் சொல்லுதான்," என்றார் அப்பா. "டெபாசிட் போட்டவங்ககிட்ட இதச் சொல்லிப் புரிய வைக்க என்னால முடிஞ்சதே இல்ல."

தேனிலவுக்கு வைத்திருந்த 2,000 டாலரை மேரி எடுத்து நீட்டுகிறாள். ஒருவன் தன் 242 டாலரும் வேண்டும் என்று பிடிவாதமாக வாங்கிக்கொண்டு போகிறான். ஒரு வயதான அம்மாள் பதினேழரை டாலர் போதுமா என்று தயங்கிக் கேட்கிறாள். ஜார்ஜ் அவளை முத்தமிடுகிறான். மாலை ஆறு மணிக்குக் கதவைச் சாத்தும்போது கையில் இரண்டு டாலர் மிச்சம். சங்கம் பிழைத்தது. அப்பா முகம் மலர்ந்தது, ஆனால் தலையை ஆட்டினார். "கையெழுத்து வாங்காமக் குடுக்கான் பாரு. ஆடிட்ல மாட்டுவான்."

அவர் அதைச் சொன்னபோது மீதிக் கதை அவருக்குத் தெரியாது.

1945 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். ஜார்ஜின் சித்தப்பா பில்லி, சங்கத்துப் பணம் 8,000 டாலரை வங்கியில் கட்டப் போகிறார். ஊர்ப் பணக்காரன் பாட்டரைப் பார்த்ததும், போரில் பதக்கம் வாங்கின அண்ணன் மகனைப் பற்றிப் பெருமை பேசி, கையிலிருந்த பேப்பரை அவன் மடியில் போடுகிறார். பணம் அந்தப் பேப்பருக்குள் இருக்கிறது. கவுண்டருக்குப் போய்ப் பையைத் தடவுகிறார், இன்னொரு பையைத் தடவுகிறார், வந்த வழியே திரும்பி ஓடுகிறார். தணிக்கை அதிகாரியோ சங்கத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார்.

"ஏல, நிறுத்து," என்றார் அப்பா.

நிறுத்தினேன். திரையில் பில்லியாக நடித்த தாமஸ் மிட்சலின் முகம் அப்படியே நின்றது. அப்பா கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு சொன்னார். 1987. ஒரு சாயங்காலம் இருப்பு எண்ணும்போது 3,600 ரூபாய் குறைந்தது. அவருடைய இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல். சிட்டாவை மூன்று தடவை கூட்டினார், மேஜை டிராயரைக் கழற்றிக் கவிழ்த்தார், குப்பைக் கூடையைக் கொட்டிக் கிளறினார். இரவு பத்து மணிக்கு வாட்ச்மேன் வந்து விளக்கை அணைக்கச் சொன்னான். யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் காலை அம்மாவின் வளையலை அடகு வைத்துக் கட்டிவிட்டார். அந்தப் பணம் எங்கே போயிற்று என்று இன்றுவரை தெரியாது. "ரெண்டு வளையல்," என்றார்.

"ரெண்டு இல்ல. ஒண்ணுதான் வச்சீங்க," என்று அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

எனக்கு அப்போது ஏழு வயது. அந்த வீட்டில்தான் இருந்தேன். இப்படி ஒன்று நடந்ததென்று அன்றுதான் தெரிந்தது.

இந்தப் படத்தைச் சர்க்கரைப் பாகு என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் கடைசிப் பத்து நிமிஷத்தை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். உண்மையில் இது கடனைப் பற்றிய படம். ஜார்ஜ் கடன் கேட்டுப் பாட்டரிடம் போகிறான். ஈடாக அவன் நீட்டுவது 15,000 டாலர் ஆயுள் காப்பீட்டுப் பத்திரம். நீ உயிரோடு இருப்பதைவிடச் செத்தால் மதிப்பு அதிகம் என்று பாட்டர் சொல்கிறான். ஜார்ஜ் சாவதற்காகப் பாலத்துக்குப் போவது அதனால்தான். அதற்கு முன் மதுக்கடையில் உட்கார்ந்து ஜெபிக்கிற இடத்தில் ஸ்டூவர்ட் நிஜமாகவே உடைந்து அழுதுவிட்டார். கேமரா தள்ளி இருந்தது. மறுபடி அப்படி நடிக்க வைக்க முடியாது என்று காப்ரா, எடுத்த காட்சியையே லேபில் பெரிதாக்கிக்கொண்டார். அந்த இடத்தில் மட்டும் படம் சற்றுப் பொரிபொரியாகத் தெரியும். கடன் தரும் இந்தப் பயம் இல்லாமல் இந்தப் படத்தின் சந்தோஷம் கிடையாது. ஜார்ஜ் வீட்டு மாடிப்படியின் கைப்பிடித் தூணில் ஒரு மரக் குமிழ் இருக்கிறது. ஜார்ஜ் படியேறும்போதெல்லாம் கழன்று கையோடு வரும். அதன்மீது அவனுக்கு அத்தனை எரிச்சல். பாலத்திலிருந்து உயிரோடு திரும்பி வந்த இரவு அது மறுபடி கழன்று வருகிறது. அதை முத்தமிட்டுவிட்டு ஓடுகிறான்.

அம்மாவும் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார, மூன்று பேருமாகத்தான் முடிவைப் பார்த்தோம். மேரி ஊரெல்லாம் போய்ச் சொல்லியிருக்கிறாள். ஆட்கள் வந்து மேஜைமேல் பணத்தைக் கொட்டுகிறார்கள். கைதுசெய்ய வந்த ஷெரீஃப் வாரண்டைக் கிழித்துப் போடுகிறார். தணிக்கை அதிகாரியும் தன் பங்குக்குப் போடுகிறார். அங்கே மட்டும் அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. "தணிக்கைக்கு வந்தவன் பணம் போடக் கூடாது. அது தப்பு." இன்றுவரை அந்தக் கருத்தில் மாற்றமில்லை.

பிறகு, "அந்தப் பொண்ணு ஊர்ல போய்ச் சொன்னா. நான் சொல்லல," என்றார்.

"சொன்னா மட்டும் யார் குடுத்திருப்பா?" என்றாள் அம்மா.

"பத்துப் பேர் குடுத்திருப்பாங்க."

"ஒருத்தரும் குடுத்திருக்க மாட்டாங்க."

இதை அவர்கள் இன்னும் பேசித் தீர்க்கவில்லை. அடுத்த கிறிஸ்துமஸிலும் பேசினார்கள், அதற்கடுத்ததிலும். யார் யார் கொடுத்திருப்பார்கள் என்று அப்பா தெருவாரியாகப் பெயர் சொல்வார், அம்மா ஒவ்வொன்றாகத் தள்ளுவாள். அக்கா மகன் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருப்பான்.

அம்மாவின் படத்தையும் நான் அதற்குப் பிறகுதான் சரியாகப் பார்த்தேன். ‘ஹோம் அலோன்’ என்றால் திருடர்கள் வழுக்கி விழுவது என்றே அதுவரை நினைத்திருந்தேன். அம்மா சிரிப்பது அதற்கில்லை, அவள் காத்திருப்பது பாரிஸ் விமான நிலையத்துக்கு. எட்டு வயசுப் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு வந்த தாய், விமானத்தில் ஓர் இடத்துக்காக முன்பின் தெரியாத ஒரு வயதான தம்பதியிடம் கெஞ்சுகிறாள். கைக்கடிகாரத்தைக் கழற்றித் தருகிறேன் என்கிறாள், பணம் என்கிறாள், கடைசியில் காதில் கிடப்பதையும் தருகிறாள். அந்த இடம் வரும்போது அம்மா பேச்சை நிறுத்திவிடுவாள். போன வருஷம் கேட்டேன்: "அந்த வளையலைத் திருப்பினீங்களாம்மா?"

"எங்க திருப்ப? முழுகிப்போச்சு," என்றாள், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல்.

படம் முடிந்த அன்று அப்பா கடைசியாகக் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. "அந்த எட்டாயிரத்த எடுத்தவன்?" பாட்டர் பிடிபடவில்லை, பணத்தைத் திருப்பித் தரவில்லை, அவனுக்குத் தண்டனையும் இல்லை என்றேன். "அப்படித்தான் இருக்கும்," என்றார்.

நீங்கள் இந்தப் படத்தைப் பார்ப்பதானால் கறுப்பு வெள்ளையில் பாருங்கள். பின்னாளில் வண்ணம் பூசிய பிரதியைக் காப்ராவும் ஸ்டூவர்ட்டும் எதிர்த்தார்கள். அவர்கள் சொன்னது சரி. படம் இரண்டு மணி பத்து நிமிஷம். ரிமோட்டை வீட்டில் மூத்தவர் கையில் கொடுத்துவிடுங்கள். அவர்கள் நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள்.