காரைக்காலில் ஒரு பிரெஞ்சு வாக்கு

மேற்கு மலையடிவாரத்தில், பிளவக்கல் அணையின் நீரை நம்பி வாழும் கூமாப்பட்டிக்கும் பிரான்சு நாட்டின் அதிபர் தேர்தலுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் வினவக்கூடும். நம்மூர்க் குடும்பமொன்றின் மகள் காரைக்காலில் வாழ்க்கைப்பட்டிருக்கிறார். அவருடைய மாமனார் பிரெஞ்சுக் குடியுரிமை உடையவர். நாத்தனார் பாரிசின் புறநகரில் வசிக்கிறார். ஆதலால், 2022 ஏப்ரலில் அத்தேர்தல் நடந்தபோது அவ்வீட்டின் கவலை நம் வீடுகளையும் வந்தடைந்தது.

புதுச்சேரியையும் காரைக்காலையும் இந்தியாவிடம் ஒப்படைக்கும் உடன்படிக்கை 1956 மே 28இல் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்தது. அங்குப் பிறந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ள விரும்பினால், ஆறு மாதத்திற்குள் எழுத்துமூலம் தெரிவிக்கலாம் என்று அதில் வழிசெய்யப்பட்டிருந்தது. அவ்வாறு தெரிவித்தவர்களும் அவர்தம் வழிவந்தவர்களும் இன்றும் தமிழ் மண்ணில் இருந்தவாறே பிரான்சின் அதிபரைத் தேர்ந்தெடுக்கின்றனர். அவர்களுள் முஸ்லிம்களும் உண்டு.

பிரான்சில் அதிபரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். முதற்சுற்றில் எவரும் பாதிக்கு மேல் வாக்குகள் பெறாவிடில், முதலிரு இடங்களைப் பெற்றோர் மட்டும் இரு வாரங்கள் கழித்து மீண்டும் மோதுவர். 2022 ஏப்ரல் 10இல் பன்னிருவர் போட்டியிட்டனர். இம்மானுவேல் மக்ரோன் 27.85 விழுக்காடும், மரீன் லெ பென் 23.15 விழுக்காடும் பெற்று இரண்டாம் சுற்றுக்குச் சென்றனர். 21.95 விழுக்காடு பெற்ற ழான்-லுக் மெலான்ஷோன் வெளியேறினார்.

பொது இடங்களில் தலைமுக்காடு அணிவதைத் தடைசெய்து, மீறுவோருக்கு அபராதம் விதிப்பேன் என்பது லெ பென் அளித்த வாக்குறுதி. கடைக்குச் செல்லும் பெண்ணும், பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவரும் தாயும் அதற்குத் தப்பமுடியாது. மக்ரோன் அத்தடையை ஏற்கவில்லை. எனினும், அவரது ஆட்சியில் 2021இல் வந்த சட்டமொன்று தங்களை ஐயத்துடன் நோக்குகிறது என்ற மனக்குறை அந்நாட்டு முஸ்லிம்கள் பலரிடம் இருந்தது. ஆகவே, "இருவருமே வேண்டாம், வீட்டிலிருந்துவிடுவோம்" என்ற பேச்சு எழுந்தது.

அந்த முதியவர் வீட்டிலிருக்கவில்லை. இரு தீங்குகள் எதிர்ப்படும்போது இலேசானதைத் தெரிவுசெய்து பெரியதைத் தடுக்கவேண்டும் என்பது நம் ஃபிக்ஹு நூல்கள் கூறும் விதி. மகளின் முக்காட்டை நினைத்து அவர் வாக்களித்தார். ஏப்ரல் 24இல் மக்ரோன் 58.55 விழுக்காடு பெற்று வென்றார்.

இதில் நாம் எண்ணிப்பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. முதற்சுற்றில் இரண்டாம் இடத்திற்கும் மூன்றாம் இடத்திற்கும் இடையே இருந்த வேறுபாடு சுமார் 4,21,000 வாக்குகள். அன்று வாக்களிக்க வராதோரோ பதிவுபெற்ற வாக்காளர்களில் நான்கில் ஒரு பங்கிற்கும் மேல். இரண்டாம் சுற்றில் எவரெவர் எதிர்நிற்பர் என்பதை வந்தவர்கள் மட்டும் தீர்மானிக்கவில்லை, வராதவர்களும் தீர்மானித்தார்கள். தெரிவு குறுகியபின் வருந்துவதைவிட, அது விரிந்திருக்கும்போதே செல்வது மேல்.

நம் நாட்டில் குடியரசுத் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கின்றனர். நாம் சாவடியில் அளிக்கும் வாக்கு அவர்கள் வழியே அங்கும் சென்றுசேர்கிறது. மார்க்க அறிஞர் பலர் வாக்கைச் சாட்சியத்திற்கு ஒப்பிடுவர். சாட்சியத்தை மறைப்பவரின் உள்ளம் பாவத்திற்குரியது என்று அல்பகரா அத்தியாயத்தின் 283ஆம் வசனம் எச்சரிக்கிறது.

கடல்கடந்த நாட்டின் தேர்தலுக்காகக் காரைக்காலில் ஒரு முதியவர் வரிசையில் நின்றார். நமக்கோ வாக்குச்சாவடி நடந்துசெல்லும் தொலைவில் இருக்கிறது. வீட்டுப் பெண்டிரையும் முதன்முறை வாக்களிக்கும் பிள்ளைகளையும் உடனழைத்துச் செல்வது நம்மீதுள்ள அமானிதம். அதை நிறைவேற்ற வல்ல இறைவன் நல்லருள் புரிவானாக.