எட்டு வாரக் கல்விக்கோர் ஆயத்தம்

யூபிலி மலருக்கு எழுதப் புகுவோர் பெரும்பாலும் சென்ற நாட்களை நினைந்தே எழுதுவர். அவ்வாறு எழுதுதற்கு உரிமை வாய்ந்த மூத்த பழைய மாணவர் பலர் நம்மிடையே உளர். யானோ இக்கல்லூரியிற் பயின்று, ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி பெற்று, மீண்டும் இக்கல்லூரிக்கே தமிழாசிரியனாய் வந்து சேர்ந்தவன், வயது 46. என் கட்டுரை சென்ற காலத்தைப் பற்றியதன்று, வருகின்ற தவணையைப் பற்றியது. அமெரிக்கக் கல்லூரியொன்று நிகழ்நிலையில் நடத்தும் ஆங்கில எழுத்துப் பாடநெறியை, 15 வாரப் பாடத்தை 8 வாரத்திற் சுருக்கிய துரித முறையிலே கற்றற்குப் பெயர் பதிந்துள்ளேன். அதற்கு என்னை ஆயத்தஞ் செய்துவரும் வகையை ஈண்டு எடுத்துரைத்தல், இத்துறையில் இறங்க நினைக்கும் மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் பயன்படும் என நம்புகின்றேன்.

‘தமிழ் வாத்தியாருக்கு ஆங்கிலக் கட்டுரை எதற்கு?’ என நண்பர் சிலர் வினவினர். விடை இரண்டு. பயிற்றப்பட்ட ஆசிரியர் சான்றிதழ் ஒன்றே என் கைம்முதல். கல்வியியலிற் பட்டம் பெறவேண்டுமென்னும் ஆசை நெடுநாளாக என்னுள்ளே கிடந்தது. அக்கல்லூரியின் பட்டப்படிப்பினுள் யான் நுழைதற்கு இவ்வெழுத்துப் பாடத்திற் சித்தியெய்துதல் வேண்டும். எய்தாவிடின் வாயில் திறவாது. மூன்றாண்டாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த கட்டணமும் மீளாது. இஃது ஒரு காரணம்.

மற்றைய காரணம் இதனினும் பெரிது. என்னிடம் உயர்தரத்தில் தமிழ் பயின்ற மாணவனொருவன் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு பயில்கின்றான். அவன் எழுதிய முதற் கட்டுரையின் ஓரத்தில், ‘இதிலே நீர் சொல்வது யாது?’ என்று விரிவுரையாளர் குறித்திருந்தாராம். ‘சேர், முன்னுரை, பொருளுரை, முடிவுரை எல்லாம் ஒழுங்காகத்தான் எழுதினேன். இன்னும் என்ன கேட்கிறார்கள் எண்டு விளங்கேல்லை’ என அவன் எனக்கு எழுதினான். இன்று நம் வகுப்புகளில் இருக்கும் பிள்ளைகளிற் பலர் நாளை பிற நாடுகளில் இருந்து எழுதப்போகின்றவர்கள். அவர்கட்கு அங்கே வேண்டப்படுவது யாதென்பதைப் பிறர் வாய்க் கேட்டன்றி, அந்த வாங்கிலேயே இருந்து அறிதல் என் கடனெனக் கண்டேன்.

அமெரிக்கக் கல்லூரிகளில் எத்துறை பயில்வோரும் முதலாண்டிலே எழுத்துப் பாடமொன்று கற்றல் பெருவழக்கு. ஹார்வர்ட் கல்லூரி 1874 இல் நுழைவுத் தேர்விலே கட்டுரை வரைதலைப் புகுத்தியது. 1885 இல் அதனை முதலாண்டு மாணவர்க்குரிய பாடமாக்கிற்று. ஏனைய கல்லூரிகளும் அவ்வழியைப் பின்பற்றின. அமெரிக்கக் கல்லூரி முறை நமக்கு முற்றும் புதியதுமன்று. அமெரிக்க மிஷனரிமார் 1823 இல் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரியிலே நம்மவர் ஆங்கிலமும் கணிதமும் தமிழும் ஒருங்கே கற்றனர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகிய கரல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் அங்கே பயின்றவர்களே. ஆங்கிலங் கற்றமை தாமோதரம்பிள்ளையைத் தமிழினின்றும் பிரித்துவிடவில்லை. 1887 இல் கலித்தொகையை அச்சேற்றி உலகுக்கு அளித்தவர் அவரே.

இனி ஆயத்தத்துக்கு வருவோம். முதலிற் செய்தது கணக்கு. அங்கே பாடங்கள் ‘கிரெடிட்’ என்னும் அலகாலே அளக்கப்படுகின்றன. ஒரு கிரெடிட்டுக்கு வாரந்தோறும் வகுப்பில் 1 மணியும் வெளியே 2 மணியுமாக, ஏறக்குறைய 15 வாரம் உழைத்தல் வேண்டும் என்பது பொது அளவு. எழுத்துப் பாடம் 3 கிரெடிட் உடையது. ஆகவே மொத்த உழைப்பு 135 மணி. 15 வாரத்தில் இது வாரத்துக்கு 9 மணியாகும். 8 வாரத்திலோ ஏறக்குறைய 17 மணியாகும். துரித பாடநெறியில் வாரங்கள் குறைகின்றனவேயன்றி உழைப்புக் குறைவதில்லை. இவ்வுண்மையை உணராது சேர்வோர் மூன்றாம் வாரத்திலே மூச்சுத் திணறுவர்.

17 மணியை எங்கே தேடுவது? பாடசாலை நாட்களில் அதிகாலை 4.30 முதல் 5.30 வரை ஒரு மணி, இரவிலே ஒரு மணி, ஆக 10 மணி. சனிக்கிழமை 4 மணி, ஞாயிறு 3 மணி. இதற்காகப் பிரத்தியேக வகுப்பொன்றைக் கைவிட்டேன். கோயில் நிருவாக சபைப் பொறுப்பொன்றையும் பிறரிடம் ஒப்படைத்தேன். மனைவி, ‘பிள்ளைக்குச் சாதாரண தரப் பரீட்சை, தகப்பனுக்கும் பரீட்சையோ?’ என நகைத்தாள். ஆயினும் அவளே சாப்பாட்டு மேசையின் ஒரு பாதியை மகளுக்கும் மறுபாதியை எனக்கும் பங்கிட்டுத் தந்தாள்.

நேரத்தைப் பற்றி இன்னுமொன்று. ஒப்படைகளை ஞாயிற்றுக்கிழமை இரவு 11.59 க்கு முன் அனுப்புதல் வேண்டும் என்பது விதி. அது அமெரிக்கக் கிழக்குக் கரையின் நேரம். நமக்கு அது கோடையிலே திங்கட்கிழமை காலை 9.29, மாரியிலே 10.29. அவ்வேளை யான் வகுப்பில் இலக்கணம் நடத்திக்கொண்டிருப்பேன்! ஆகவே ஞாயிறு மாலை 6 மணியே என் கடைசி எல்லை என வரையறுத்தேன். 2022 இல் நாளொன்றுக்கு 13 மணி வரையும் மின்சாரம் நின்றதை யாரும் மறந்திரார். அந்நாள் மீளாதொழிக, ஆயினும் வரைவுகளைக் கொப்பியிலும் கணினியிலும் வேறிடத்திலும் வைத்தல் விவேகமாம்.

இங்ஙனம் காலத்தை வகுத்தபின் ஒன்று தெளிவாயிற்று. 8 வாரத்துள் அடங்குவன சில, அடங்காதன சில. பாட விளக்கத்தை வாசித்தலும் ஒப்படையை அனுப்புதலும் அடங்கும். கை பழகுதலும் கண் பழகுதலும் அடங்கா. நெல்லை விரைவாக அரிந்துவிடலாம். விரைவாக விளைவித்தல் ஒண்ணுமோ? ஆதலின் அடங்காதனவற்றை முன்கூட்டியே செய்து முடித்தல்தான் மெய்யான ஆயத்தம் எனத் துணிந்தேன்.

கை பழகுதற்கு, நாடோறும் 300 ஆங்கிலச் சொற்கள் எழுதினேன். தொடக்கத்தில் ஒன்றரை மணி சென்றது. நான்கு மாதத்தின் பின் ஐம்பது நிமிடத்தில் முடிகின்றது. இரு விரலாற் பரீட்சை வினாத்தாள் தட்டிவந்த யான் பத்து விரலாலும் தட்டெழுதப் பயின்றேன். கண் பழகுதற்கு, நாளுக்கோர் ஆங்கில ஆசிரியத் தலையங்கத்தை எடுத்து, எழுதியவரின் துணிபு எது, அதற்குக் காட்டிய காரணம் எவை எனக் கோடிட்டு வாசித்தேன். பின் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, அதன் சாரத்தை மூன்று வாக்கியத்தில் என் சொல்லால் எழுதினேன். வாசித்ததை மூடிவைத்து எழுதும்போதே, விளங்கியது எவ்வளவு என்பது விளங்குகின்றது.

என் பழைய மாணவனுடைய ஐயத்துக்கும் இப்பயிற்சியிலே விடை கிடைத்தது. ‘பனையின் பயன்’ என்னும் பொருளை எடுத்துக்கொள்வோம். நம் வகுப்பிலே பனை கற்பகதரு எனத் தொடங்கி, ஓலை, நுங்கு, பனாட்டு, கிழங்கு என ஒவ்வொன்றாக விரித்து, பனையைப் பேணுவோம் என முடித்தால் அது நல்ல கட்டுரை. அங்கே கேட்பது வேறு. ‘பனைத்தொழில் தழைத்தற்கு முதல் வேண்டுவது புதிய மரமன்று, மரமேறும் தொழிலாளர்க்குப் பாதுகாப்பும் மதிப்புமே’ என, மறுக்கத்தக்க ஒரு துணிபை முதலிலே நாட்டல் வேண்டும். பின்னர் அதற்குச் சான்று காட்டி, மறுப்பவர் கூற்றையும் நேர்மையாக எடுத்துரைத்து, அதற்கு விடையிறுத்தல் வேண்டும். நம் முறை பொருளை விளக்குவது. அவர்கள் முறை பொருளின்மேல் வழக்காடுவது. இரண்டும் வேண்டப்படுவனவே, எங்கே எது வேண்டும் என அறிதலே கல்வி.

இவ்வழக்காடலும் நமக்கு அயலானதன்று. பிறர் மதம் கூறலும், அதனை மறுத்தலும், தன் மதம் நிறுவலும் நம் உரையாசிரியர்க்குக் கைவந்த கலைகள். பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்திலே நூலுக்குரிய பத்துக் குற்றமும் பத்து அழகும் வகுத்தார். யான் எழுதும் ஆங்கிலப் பந்திகளை அவ்வுரைகல்லிலேயே உரைத்துப் பார்க்கின்றேன். கூறியது கூறல் உளதா? மற்றொன்று விரித்தல் உளதா? விளங்க வைத்தேனா? அமெரிக்கப் பேராசிரியர் சிவப்பு மையாற் குறிப்பனவும் பெரும்பாலும் இவையே. ஆங்கிலத்துக்குப் புறப்பட்டவன் வழித்துணையாக நன்னூலைக் கொண்டுசெல்கின்றேன்.

மேற்கோள் காட்டும் முறை மற்றொரு பயிற்சி. ‘என்ப’ எனவும் ‘என்மனார்’ எனவும் முன்னோர் கூற்றை முன்னோர்க்கே உரிமையாக்கல் நம் நூலோர் மரபு. அம்மரபுக்கு அங்கே நுணுகிய விதிகள் உள. மொழித்துறையினர் எம்.எல்.ஏ. முறையையும், கல்வியியல், உளவியல் முதலிய துறையினர் ஏ.பி.ஏ. முறையையும் கைக்கொள்வர். முன்னையதன் ஒன்பதாம் பதிப்பு 2021 இலும், பின்னையதன் ஏழாம் பதிப்பு 2019 இலும் வெளிவந்தன. ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்கம் என்பவற்றை எங்கே எவ்வாறு இடுவதென்பதை முன்பே மனங்கொண்டால், எட்டு வாரத்தில் அதற்கெனத் தடுமாற வேண்டியதில்லை.

மாணவர்காள், இனிக் கூறுவதை உற்றுக் கேண்மின். 2022 நவம்பரில் ‘சட் ஜிபிடி’ வெளிவந்தபின், கட்டுரையைக் கேட்டவுடன் எழுதித்தரும் இயந்திரம் எவர் கைத்தொலைபேசியிலும் உண்டு. வழுவற்ற ஆங்கிலத்திலே 1000 சொற்களை அது ஒரு நிமிடத்துக்குள் தரும். எனக்கோ அதற்கு மூன்று நாட் செல்லும். ஞாயிறு மாலை, ஒப்படை முடியாத வேளையில், அவ்வாசை என் மேசைக்கும் வரும் என்பதை யான் அறிவேன். ஆகவே சலனமற்ற இப்பொழுதே விதி செய்து சுவரில் ஒட்டியுள்ளேன்: அகராதி பார்க்கலாம்; இலக்கண நூல் பார்க்கலாம்; வாக்கியம் ஒன்றேனும் இரவல் வாங்கலாகாது. இவ்வியந்திரத்தை எவ்வளவுக்குப் பயன்படுத்தலாம் என்பதில் கல்லூரிக்குக் கல்லூரி விதி வேறுபடும். அதனை முதல் நாளே வாசித்தறிதல் கடமை. ஆனால் என் விதி தண்டனைக்கு அஞ்சியதன்று. யான் விலை கொடுத்து வாங்குவது கட்டுரையையன்று, கட்டுரை எழுதும் ஆற்றலை. இரவற் கட்டுரையாற் புள்ளி வரலாம், ஆற்றல் வாராது. ஆற்றலின்றி அவ்வகுப்பினின்று மீண்டால், என் மாணவனுக்கு யான் எதனைக் கற்பிப்பேன்?

இன்னுமோர் ஆயத்தம் உள்ளத்தைப் பற்றியது. இப்பாடநெறியிலே சகமாணவர் ஒருவர் கட்டுரையை ஒருவர் வாசித்துக் குறை நிறை கூறுதல் வேண்டும். என் மகளினும் இரண்டு மூன்று வயதே மூத்தவர்கள் என் எழுத்தைத் திருத்துவர். இருபது ஆண்டாகப் பிறர் கொப்பியைத் திருத்திய கை, இனித் திருத்தப்பட்ட கொப்பியை ஏற்றல் வேண்டும். இதற்குப் பயிற்சியாக, என் ஆங்கிலப் பந்திகளை நம் கல்லூரியின் ஆங்கில ஆசிரியரிடம் வாரந்தோறும் காட்டிவருகின்றேன். அவர் என்னினும் பதினைந்து வயது இளையவர்; இக்கல்லூரியில் என் மாணவராயிருந்தவர். முதல் நாள் அவர் கூச்சத்துடன், ‘எப்படிச் சேர் உங்களுக்குப் பிழை போடுவது?’ என்றார். ‘நான் உமக்குப் போட்டதுபோலப் போடும்’ என்றேன். இப்போது தயக்கமின்றிப் போடுகின்றார்!

தொழில் புரிந்துகொண்டே கற்றல் நம் மண்ணுக்குப் புதிதன்று. இலண்டன் பல்கலைக்கழகம் 1858 இல் வெளிவாரித் தேர்வுகளைத் திறந்துவிட்ட பின்னர், நம் நாட்டிலிருந்தே படித்துப் பட்டம் பெற்றோர் பலர். விபுலாநந்த அடிகள் துறவு பூணுமுன் ஆசிரியராகப் பணிபுரிந்த காலத்திலே மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் தேர்விலும், இலண்டன் விஞ்ஞானப் பட்டத் தேர்விலும் சித்தியெய்தினார். 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக அவர் வீற்றிருந்ததற்கு அவ்வுழைப்பும் ஓர் அடிப்படை. நாவலர் பெருமானும் ஆங்கிலப் பாடசாலையிற் கற்று, அம்மொழி நூல்களிற் கண்ட நிறுத்தக் குறிகளைத் தமிழ் வசனத்திற் பெருவழக்காக்கினார். பிறமொழி எழுத்தைக் கற்றதனால் அவர் தமிழ் வளர்ந்ததேயன்றித் தேய்ந்ததில்லை. அவர்கள் அடிச்சுவட்டை நினைக்குந்தோறும் என் அச்சம் சிறிதாகின்றது.

பழைய மாணவர்காள், கல்லூரி நமக்குக் கற்பித்தவற்றுள் தலையாயது கற்கும் வழக்கமே. அவ்வழக்கம் விட்டுப்போயிருப்பின் அதனை மீட்டற்கு வயது தடையன்று. துரித பாடமொன்றில் நீவிரும் சேர விழைவீராயின், மணியைக் கணக்கிடுக. நான்கு மாதம் முன்னரே எழுதத் தொடங்குக. பிழை திருத்த இளையவர் ஒருவரைத் தேடுக. இம்மலர் உங்கள் கையை அடையும்போது என் முதல் வாரம் தொடங்கியிருக்கும். அடுத்த தவணையில், பத்தாம் வகுப்புக் கட்டுரைப் பாடத்தை ஒரு புதிய வினாவோடு தொடங்குவதாக எண்ணியிருக்கின்றேன். அவ்வினா, ‘தம்பி, இதிலே நீர் சொல்வது யாது?’ என்பதே.