உம்மாவின் அறைச் சுவரும் அடம்பன் பூவும்

கொஞ்சம் நீண்ட பதிவு, பொறுமையாக வாசியுங்கள். பெருநாளைக்கு வீட்டுக்கு வந்த நாலைந்து பேர் "அந்தப் பூப்படங்கள் எங்க வாங்கின?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறோம்.

போன வருடம் சீனி வருத்தத்தால் உம்மாவுக்கு ஒரு காலை எடுத்தார்கள். அதற்குப் பிறகு அவவுக்கு ஒரு கட்டில், ஒரு யன்னல், எதிரே ஒரு சுவர். எங்களுடையது சுனாமி வீட்டுத்திட்டத்து வீடு; யன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டு மதில்தான் தெரியும். சுவரில் ஒரு கலண்டரும் ஆயத்துல் குர்ஸியும். நாங்கள் இருவரும் பள்ளிக்கூடம் போனால் திரும்பி வரும்வரை உம்மா அந்தச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பா.

மனுசர், மிருகங்களின் உருவப்படம் எங்கட வீட்டில் மாட்டுவதில்லை. பூவென்றால் ஒருவருக்கும் ஆட்சேபணை இல்லை. கல்முனையில் ஒரு கடையில் பிரேம் போட்ட படம் இரண்டு வாங்கி வந்தோம். ஒன்று ஊதா லவெண்டர் தோட்டம், மற்றது சிவப்புப் பொப்பி. அறை வெளிச்சமாகத்தான் இருந்தது. ஆனால் சின்ன மகள் "உம்மும்மா, இது என்ன பூ?" என்று கேட்டபோது உம்மா "தெரியா மகள், வெளிநாட்டுப் பூவாக்கும்" என்றா. ஆவாரை, தும்பை, எருக்கலை என்று எதைக் காட்டினாலும் பெயரோடு மருந்தும் சொல்லும் மனுசி. எங்களுக்கு ஒரு மாதிரியாகப் போய்விட்டது.

நம்முடைய காட்டுப்பூக்களின் படம் கிடைக்குமா என்று தேடினோம். 19 ஆம் நூற்றாண்டிலேயே பேராதனைப் பூங்காவில் வேலை பார்த்த ஹர்மானிஸ் டி அல்விஸும் அவரது பிள்ளைகளும் இந்த நாட்டுச் செடிகளை அவ்வளவு நுணுக்கமாக வரைந்திருக்கிறார்கள். நாங்கள் படித்த கலாசாலையில் ஒருவரும் இந்தப் பெயரைச் சொல்லித் தரவில்லை. அச்சடிக்கக்கூடிய தெளிவான பிரதி எங்களுக்குக் கிடைக்கவில்லை. போனிலேயே எடுப்போம் என்று முடிவு செய்தோம்.

பொத்துவில் பக்கம் போனபோது ஆவாரை கிடைத்தது. பள்ளி வேலியோரம் நாயுண்ணி. அதில் நடுவில் மஞ்சள், ஓரத்தில் றோஸ். ஒரே கொத்தில் ஏன் இரண்டு நிறம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். மஞ்சளாக விரிகிற பூதான் நாளாக றோஸாகிறது. (நாயுண்ணியும் அமெரிக்காப் பக்கமிருந்து வந்து குடியேறியதுதான். ஆனால் அதன் பழத்தைத் தின்று நாக்குக் கறுத்த எங்கட ஊர்ப் பிள்ளைகளிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்!) அடம்பன் பூ மத்தியானத்துக்குள் வாடிவிடும் என்பதால் சுபஹ் தொழுத கையோடு கடற்கரைக்குப் போனோம். மணலெல்லாம் ஊதாவாக விரிந்து கிடந்தது. எடுத்ததில் அதுதான் அழகான படம்.

அச்சடிக்கும்போது பட்ட பாட்டையும் சொல்லவேண்டும். முதலில் மினுங்கும் தாளில் அடித்துவிட்டோம். கட்டிலில் இருந்து பார்த்தால் யன்னல் வெளிச்சம்தான் தெரிந்தது, பூ தெரியவில்லை. மினுங்காத மெட் தாளில் திரும்ப அடித்தோம், ஏ4 அளவு. படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மட்டை வைக்கச் சொல்லுங்கள். எங்கட கடற்காற்றின் ஈரத்துக்கு இரண்டும் ஒட்டிப் பிடித்தால் பிறகு கிழித்துத்தான் எடுக்கலாம். பிரேமின் பின் மூலைகளில் பழைய றப்பர் செருப்பில் வெட்டிய துண்டுகளை ஒட்டினால் சுவரோடு ஒட்டாமல் காற்றுப் போகும். நேர் வெயில் படும் சுவர் வேண்டாம், நிறம் வெளுத்துவிடும்.

உம்மா கிளினிக் போயிருந்த நாளில் மூன்றையும் மாட்டி வைத்தோம். வந்து பார்த்துச் சிரித்தா. ஆவாரம்பூவைக் காயவைத்துத் தேத்தண்ணி ஊற்றும் கதையை மகளுக்குச் சொன்னா. நாயுண்ணியைப் பார்த்து "இதையுமா படம் புடிச்ச?" என்றா. பிறகு யன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டா. களைப்பாக்கும் என்று நினைத்தோம்.

இரவு சாப்பாடு கொடுக்கப் போனபோது சொன்னா: "புள்ள, அந்த அடம்பனக் கழட்டுங்க."

2004 டிசம்பர் 26 இல் சாச்சியைக் கடல் கொண்டுபோனது எங்களுக்குத் தெரியும். நாங்கள் அப்போது ஓ.எல். படிக்கிற பிள்ளைகள். மூன்றாம் நாள் மையித்துக் கிடைத்ததும் தெரியும். எங்கே கிடைத்தது என்று ஒருவரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. அடம்பன் கொடிக்குள் கிடந்திருக்கிறா. கொடியை வெட்டித்தான் எடுத்தார்களாம். வெட்டும்போது உம்மா பக்கத்தில் நின்றிருக்கிறா.

"அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்று வகுப்பில் எத்தனை வருடம் படிப்பித்திருப்போம். உம்மா அதற்குப் பிறகு கடற்கரைக்கே போகவில்லை என்பதையும் கண்ணால் கண்டுதான் இருந்தோம். கேட்காமல் மாட்டியது எங்கட பிழை. வயதானவர்களின் அறைக்குப் படம் வாங்குபவர்கள் ஆணி அடிக்கமுதல் அவர்களிடம் ஒருக்கால் காட்டுங்கள்.

அன்றிரவே கழட்டிவிட்டோம். அந்த ஆணியில் இப்போது தும்பை தொங்குகிறது, உம்மாவே சொன்ன பூ. அடம்பனை எறிந்துவிடவா என்று கேட்டதற்கு "எறியாதீங்க, இருக்கட்டும்" என்றா. அவவின் பழைய சாரி ஒன்றில் சுற்றி அலுமாரியில் வைத்தோம். போன வெள்ளிக்கிழமை அதை எடுத்துத் தரச் சொன்னா. கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தா. பிறகு திரும்பச் சுற்றி வைக்கச் சொன்னா.

ஆவாரை, நாயுண்ணி, தும்பை மூன்றும் வேண்டியவர்கள் கேளுங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறோம், காசு ஒன்றும் வேண்டாம். மெட் தாளில் அடியுங்கள்.