அடுப்படிச் சுவர்



நாரணாபுரம் வீட்டில் அடுப்படி வேலை நடக்கிறது. சுவருக்கு ஆத்தங்குடி கல் பதிக்க எனக்கு ஆசை. கண்ணாடியின் மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றிக் கையால் செய்வது, சூளையில் சுடுவதில்லை. கடையில் முன்பணம் கொடுக்கும் நேரத்தில் துணைவியார் மெதுவாகக் கேட்டார்: "அது சிமெண்டுதானே? புளியும் எண்ணெயும் தெறிச்சா கறை பிடிக்குமே, யார் தேய்க்கிறது?"

பதில் சொல்ல முடியவில்லை. இத்தனை வருடத்தில் அந்தச் சுவரை ஒருநாளும் நான் துடைத்ததில்லை. வகுப்பில் "கேள்வி கேளுங்கள்" என்று உங்களுக்குச் சொன்னவன், வீட்டில் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கடைசியில் அவர் சொன்னபடி, குஜராத் மோர்பியில் சுட்ட வழவழப்பான டைல்ஸ், 2க்கு 1 அடி. இணைப்பு குறைந்தால் அழுக்கும் குறையும். மேலே ஒரு வரிசை பூப்போட்ட பார்டர் மட்டும் எனக்காக.

சமைப்பவரைக் கேட்டு வாங்குங்கள், பிள்ளைகளே. துடைக்கும் துணி இனி என் கையில்.