துடைக்குமுன் படியெடுப்போம்

முன்னாளில் யாழ்ப்பாணத்து வீடுகளில் பெட்டகம் என்று ஒன்று இருந்தது. காணி உறுதி, சாதகக் குறிப்பு, கலியாணச் சேலை யாவும் அதனுள் அடங்கும். இன்று அந்த வேலையிற் பெரும்பகுதியை மடிக்கணினி ஏற்றுக்கொண்டுவிட்டது. பிள்ளைகளின் பாடக் குறிப்பு முதல் பேரப்பிள்ளையின் முதற் சிரிப்பு வரை அதனுள்ளேதான். பாரம் ஏற ஏற மாடு நடை தளர்வது போல, அதுவும் ஆண்டுகள் செல்லச் செல்லத் தளர்கிறது.

எமது வீட்டுக் கணினியும் அவ்வாறே தளர்ந்தது. காலையில் அதனை இயக்கிவிட்டு, அடுக்களைக்குச் சென்று தேநீர் வைத்துக் குடித்து மீண்டாலும், திரையில் வட்டம் சுழன்றுகொண்டே இருக்கும். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகள் பொறுமை இழந்தாள்.

"அப்பா, இதைக் குடுத்திட்டுப் புதுசு ஒண்டு வாங்குவம்."

"பொறு பிள்ளை, நோய் என்னவென்று முதலிலை பாப்பம்" என்றோம்.

கணினி மந்தமாவதற்குக் காரணங்கள் பல. நாம் கேளாமலே தொடக்கத்தில் எழுந்து ஓடும் மென்பொருள்கள், நிறைந்துபோன வன்தட்டு, போதாத நினைவகம் ஆகியன அவற்றுட் சில. வேண்டாதவற்றை நீக்கினோம், தாமாக எழுபவற்றை நிறுத்தினோம். சற்றுத் தேறியதேயன்றி முற்றாகக் குணமாகவில்லை. அன்றியும், அதில் இருந்த விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்திவிட்டது. கணினியோ விண்டோஸ் 11ஐ ஏற்கும் தகுதி உடையது. ஆகவே பழையதை அடியோடு துடைத்துப் புதியதை நிறுவுவதென முடிவு செய்தோம்.

துடைப்பது எளிது. துடைத்தபின் திரும்பப் பெறக்கூடியன எவை, பெற முடியாதன எவை என்று பிரித்தறிவதே உண்மையான வேலை. இயங்குதளத்தை மீண்டும் பெறலாம், மென்பொருளையும் பெறலாம். மறைந்த பாட்டியின் குரற்பதிவை எங்கே பெறுவது?

"எல்லாம் டி பகுதியிலை இருக்குது, பயமில்லை" என்றாள் மகள். பலர் இவ்வாறே எண்ணுகின்றனர். சி, டி என்பன பெரும்பாலும் ஒரே தட்டின் இரு அறைகள். கூரை விழுந்தால் இரண்டு அறையும் நனையும். எனவே தனியான புற வன்தட்டு ஒன்றில் யாவற்றையும் படியெடுத்தோம். முகப்புத் திரையிற் சிதறிக் கிடந்தவை, பதிவிறக்கக் கோப்புறையில் மறந்து கிடந்தவை, உலாவியிற் சேமித்த கடவுச்சொற்கள் என எதனையும் விடவில்லை.

பாட்டனார் எழுதி வைத்த ஊர் வரலாற்றுக் குறிப்பு ஒன்றும் இருந்தது. அது பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், தமிழ் தோன்றாது; பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தோன்றும். ஆதலால் எழுத்துருக் கோப்பையும் உடன் வைத்தோம். ஏட்டைக் காத்து, ஏடு வாசிக்கும் வித்தையைத் தொலைத்தால் பயன் என்ன? பின்னர் அயல்வீட்டுக் கணினியில் அந்த வன்தட்டை இணைத்து, கோப்புகள் திறக்கின்றனவா என்றும் பார்த்தோம். திறந்து பாராத பிரதியைப் பிரதி என்று நம்பலாகாது.

"ஒரு கணினிக்கு இத்தனை ஆரவாரமோ?" என்று அயலவர் நகைத்தார். யாழ்ப்பாணத்தவர் இதனைக் கேட்கலாமா? 1981 ஜூன் முதலாம் திகதி பிறந்த இரவில் எமது பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அச்சேறி வேறு இடங்களிலும் இருந்த நூல்களை மீண்டும் தேடிப் பெற முடிந்தது. வேறெங்கும் படியில்லாத ஏடுகள் போயின போயினவே. செல்லரித்த ஏடுகளைத் தேடி ஒப்பிட்டு, 1887இல் கலித்தொகையை அச்சிட்ட சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையின் அருமை அப்போதுதான் நன்கு விளங்கும். 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் ஈழத்து நூல்களை மின்பிரதிகளாக்கி வருவதும் அதே வழியிலான தொண்டே.

எமது குடும்பமும் இதனைத் தன்னளவில் அறியும். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் மக்கள் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தபோது, நாமும் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு நடந்தோம். திரும்பி வந்தபோது வீடு இருந்தது, படத்தொகுப்பு இல்லை. இன்று எமது சுவரில் உள்ள தந்தையாரின் ஒரே படம், பல்லாண்டுகளுக்கு முன் அம்மா இலண்டனில் இருந்த மாமாவுக்குத் தபாலில் அனுப்பிய பிரதியாகும். வேறூரில் இருந்தபடியால் அது பிழைத்தது.

நிற்க. நிறுவும் வேலை விரைவிலேயே முடிந்தது. எட்டு ஜிகாபைற்றுக்குக் குறையாத பென்டிரைவ் ஒன்றில், மைக்ரோசொப்ட் தளத்திலிருந்து நிறுவற் கோப்புகளை முன்னரே இறக்கி வைத்திருந்தோம். கம்பியில்லா இணையத்துக்கான இயக்கி மென்பொருளையும் தனியே சேர்த்திருந்தோம். அது இல்லாவிடின் புதிய கணினி இணையத்தை எட்டாது நின்றுவிடக்கூடும். சுழலும் பழைய வன்தட்டையும் கழற்றி, எஸ்.எஸ்.டி. எனப்படும் தட்டை மாற்றினோம். கணினியின் வேகத்துக்குப் பெருங்காரணம் இதுவே. படியெடுத்தவற்றுள் வேண்டியவற்றை மட்டும் திரும்ப இட்டோம்.

"இப்ப பறக்குது அப்பா!" என்றாள் மகள். சற்று நேரத்தில் அவளே இன்னொன்றும் கேட்டாள்: "வீட்டிலை ஒரு பிரதி கிடக்குது; மற்றதை எங்கை வைப்பம்?"

அந்தக் கேள்வி எமக்கு மகிழ்ச்சி தந்தது. இரண்டாவது பிரதி இப்போது வவுனியாவில், அக்கா வீட்டு அலுமாரியில் இருக்கிறது.

மாணவச் செல்வங்களே, பரீட்சை முடியட்டும், விடுமுறை வரட்டும் என்று காத்திராதீர்கள். தட்டு பழுதாவதற்கு நாள் பார்ப்பதில்லை. இன்றே ஒரு பிரதி எடுங்கள். அதனைத் திறந்து பாருங்கள். இன்னொன்றை வேறூரில் வையுங்கள்.